பசி எடுக்காத உயரத்தில்...

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



நம் காவிரிக் கரைப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது என்ன? "நல்லா இருக்கியா?" என்பதெல்லாம் அப்புறம்தான். "சாப்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் "இல்லை" என்றால் கேட்டவர் நம்மை விடமாட்டார். நெல் விளைகிற பூமி அல்லவா!

நடவு நாளில் வயல் பக்கம் போயிருப்பீர்கள். காலை ஒன்பது மணிக்கெல்லாம் தூக்குவாளியில் இருந்த பழையது காலியாகிவிடும். உழைத்தால் பசிக்கும்; பசித்தால் சாப்பிடுவோம்; சாப்பிட்டால் மறுபடி உழைப்போம். பாய்லருக்கு நிலக்கரி போடுகிற அதே கணக்குதான். திருப்பனந்தாளில் இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பாது. எங்களுக்கு மேடு என்றால் கொள்ளிடக் கரை. உயரம் என்றால் கோயில் கோபுரம். அதற்கு மேல் நாங்கள் ஏறியதில்லை.

ஆனால் எவ்வளவு உழைத்தாலும் பசியே எடுக்காத இடம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? போன மே மாதம் நான் அங்கே போய்விட்டு வந்தேன். அந்தக் கதைதான் இது.

நம் கல்லூரியிலிருந்து நாங்கள் நான்கு பேர். இமாசலப் பிரதேசத்தில் 'சார் பாஸ்' என்ற கணவாய்க்கு நடைப்பயணம் போகத் திட்டம். உயரம் சுமார் 13,800 அடி. ஒரு வருடமாகச் சேர்த்த பணம். கும்பகோணத்தில் ரயில் ஏறி, சென்னை போய், டெல்லி போய், அங்கிருந்து பஸ் பிடித்து கசோல் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம்! எங்களில் யாரும் அதுவரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சியாச்சினில் மூன்று மாதம் இருந்தவர். 1984 ஏப்ரலில் நம் ராணுவம் ஏறி நின்றதிலிருந்து இன்று வரை இறங்காமல் காவல் காக்கிற பனிப்பாறை அது. அங்கே பல காவல்நிலைகள் 18,000 அடிக்கும் மேலே இருக்கின்றன.

"சித்தப்பா, என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டேன். கம்பளி, பூட்ஸ் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. மேல போனப்புறம் பசிக்குதான்னு வயித்தைக் கேக்காதே. மணி என்னன்னு கேளு. மணியானா சாப்பிடு" என்றார்.

"பசிக்காம எப்படி சித்தப்பா சாப்பிடறது?"

"பசிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்னா உன்னைத் தூக்கிக்கிட்டுதான் வரணும். அங்க எங்களுக்கு சாக்லேட்டு, முந்திரி, டின்ல பழம், எல்லாம் குடுப்பாங்க. ஊர்ல புள்ளைங்க கண்ணால பார்க்காத சாமான். ஒருத்தனுக்கும் எடுத்து வாயில போடத் தோணாது. முட்டை கல்லு மாதிரி ஆயிடும், அது வேற விஷயம். ஸ்டவ்ல சூடு பண்ணிக் குடுத்தாலும் இறங்காது. அதனால ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுடுவாங்க. என் தட்டை அவன் பார்க்கணும், அவன் தட்டை நான் பார்க்கணும். அப்படிப் பார்த்தும் நான் கீழே இறங்கறப்ப பெல்ட்ல மூணு புது ஓட்டை போட்டுக்கிட்டுதான் இறங்கினேன்."

சித்தி உள்ளேயிருந்து ஒரு டப்பா பொரிவிளங்காய் உருண்டையும், ஒரு பொட்டலம் உப்பு நார்த்தங்காயும் கொண்டுவந்து கொடுத்தார். பையில் இடமில்லை என்றேன். "ஒரு சட்டையை எடுத்துட்டு இதை வை" என்றார் சித்தப்பா.

இப்போது என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவில் துறை. மெஸ்ஸில் அவனைத் தெரியாதவர் இருக்க முடியாது. இட்லி நாளன்று பதினான்கு இட்லிக்குப் பிறகுதான் சட்னி சரியில்லை என்பதே அவனுக்குத் தெரியவரும்! அப்படிப்பட்டவன். கசோலில் இரண்டு நாள் தங்கல். முதல் முகாம் கிராஹன் என்ற கிராமம், சுமார் 7,700 அடி. அங்கே ராஜ்மாவும் சோறும் மூன்று தட்டு சாப்பிட்டான். அடுத்து பத்ரி, 9,300 அடி. தமிழ்நாட்டில் மிக உயரமான தொட்டபெட்டாவே 8,650 அடிதான். அப்படியென்றால் பத்ரியில் கால் வைத்த அன்றே நாங்கள் தமிழ்நாடு மொத்தத்துக்கும் மேலே போய்விட்டோம். அன்று ராத்திரி ஒரு தட்டோடு எழுந்துவிட்டான். மூன்றாவது முகாம் மிங்தாச், 11,200 அடி. அங்கே தட்டை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போனான். திரும்பி வரும்போது தட்டு காலி. முகாமில் சுற்றிக்கொண்டிருந்த கருப்பு நாய் மட்டும் அவன் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"டேய் மாப்ளே, நாய்க்குப் போட்டியா?"

"வாசனையே பிடிக்கலடா. பசியும் இல்லை. நாளைக்குச் சாப்பிட்டுக்கலாம் விடு."

அன்று மட்டும் ஏழு மணி நேரம் முதுகில் பையோடு ஏறியிருக்கிறோம். ஊரில் ஏழு மணி நேரம் அப்படி உழைத்தால் அண்டாவையே காலி செய்திருப்பான். இங்கே ரொட்டியின் வாசனை பிடிக்கவில்லை என்கிறான்! ஏன் இப்படி?

தெர்மல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேலே போகப் போக காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் குறைவதில்லை. எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 12,500 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. மலைப்பாதையில் டீசல் இன்ஜின் இழுவை குறைந்து திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் உடம்பும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். இன்ஜினுக்கு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு முள் இருக்கிறது. அந்த முள் பொய் சொல்வதில்லை. நம் உடம்பின் முள் பசி. உயரத்தில் அந்த முள் பொய் சொல்கிறது. டாங்க் காலியாகிக்கொண்டே இருக்கும்; முள்ளோ 'நிறைய இருக்கிறது' என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

குளிராலும் களைப்பாலும் முகாம் சமையலாலும்தான் பசி போகிறது என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்க விஞ்ஞானிகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 1985இல் மாசசூசெட்ஸ் மாநிலம் நாட்டிக் என்ற ஊரில் ஒரு சோதனை செய்தார்கள். எட்டு இளைஞர்களை ஓர் அழுத்த அறைக்குள் தங்க வைத்து, நாற்பது நாளில் அந்த அறையின் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எவரெஸ்ட் உச்சி அளவுக்குக் குறைத்தார்கள். அறைக்குள் குளிர் கிடையாது. சரிவு கிடையாது. சுவையான சாப்பாடு, வேண்டிய அளவு. என்ன ஆயிற்று? தொடக்கத்தில் நாளொன்றுக்கு 3,136 கலோரி சாப்பிட்டவர்கள் கடைசியில் 1,789 கலோரிக்கு வந்துவிட்டார்கள். கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள் ஆறு பேர். எடை சராசரியாக 7.4 கிலோ குறைந்தது. ஆக, சமையல்காரர் மீது குற்றமில்லை. ஆக்சிஜன் குறைந்தாலே போதும், பசி போய்விடும்.

காரணம் ஒன்றல்ல, பல. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரைப்பையில் கிரெலின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. மூளைக்குப் போய் "சோறு போடு" என்று சொல்கிற தூதன் அது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் உடற்பயிற்சி செய்யும்போது இந்தத் தூதன் அடங்கிவிடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், உயரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு வழக்கத்தைவிட அதிகம் எரிக்கிறது. மூச்சு வேகமாக வாங்க வேண்டும், குளிரைத் தாங்க வேண்டும். செலவு கூடுகிறது, வரவு குறைகிறது. எந்தக் குடும்பம் தாங்கும்?

சரி, அங்கே என்ன சாப்பிட வேண்டும்? இதில்தான் நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு நல்ல சேதி. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரி. எடையைப் பார்த்தால் கொழுப்புதான் லாபம். ஆனால் மலையில் தட்டுப்பாடு எதற்கு? ஆக்சிஜனுக்கு! ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் மாவுச்சத்திலிருந்து சுமார் 5 கலோரி கிடைக்கிறது, கொழுப்பிலிருந்து 4.7தான். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் மூச்சுக்கு மூச்சு எண்ணிச் செலவழிக்கிற இடத்தில் அது பெரிது. சோறு, அவல், வெல்லம், உருளைக்கிழங்கு இவையெல்லாம் மலையில் சிக்கனமான எரிபொருள். நம் பாட்டிமார்கள் அரிசியையும் பயறையும் வறுத்து, வெல்லப்பாகு விட்டு, சுக்கு தட்டிப்போட்டு, கல் மாதிரி உருட்டி வைத்தார்களே பொரிவிளங்காய், அதற்குச் சமைக்க அடுப்பு வேண்டாம். மாதக்கணக்கில் கெடாது.

அடுப்பு வேண்டாம் என்பது அங்கே சாதாரண விஷயமல்ல. ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. 12,500 அடியில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கி வரும். உள்ளே பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் அரைவேக்காடுதான். பசியில்லாதவனுக்கு அரைவேக்காட்டுச் சோறு போட்டால் சாப்பிடுவானா?

தாகமும் அப்படித்தான் ஏமாற்றும். காற்று வறண்டிருக்கும், வாங்குகிற ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் ஈரம் வெளியே போகும். ஆனால் குளிரில் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடு போன உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ வற்புறுத்தியது இதைத்தான். நிறையக் குடியுங்கள் என்றார். அவரவருக்குப் பிடித்ததைச் சாப்பிடவும் இடம் கொடுத்தார். 1953 மே 29ஆம் தேதி உச்சியை நோக்கிக் கிளம்புவதற்கு முன்னால் ஹில்லாரியும் டென்சிங்கும் சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாற்றைச் சுடச்சுட நிறையக் குடித்தார்கள். பிஸ்கட்டோடு மத்தி மீன் சாப்பிட்டார்கள். புளிப்பு, உப்பு, இனிப்பு... வாய்க்குப் பிடித்தால்தான் வயிற்றுக்குள் போகும்!

எனக்கு அந்த வேலையைச் செய்தது நார்த்தங்காய். மிங்தாச்சில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டேன். எச்சில் ஊறியது. அந்தத் துணிச்சலில் அரைத்தட்டு கிச்சடி உள்ளே போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மணி பார்த்து, பசி இல்லாமலே, மருந்து சாப்பிடுகிற மாதிரி பாதி உருண்டை. ருசியே தெரியவில்லை, ஆனால் கால் நடந்தது. நண்பனுக்கும் கொடுத்தேன். ஒரு கடி கடித்தான். "பல்லு போயிடும் போலிருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நான்காவது முகாம் நகாரு, 12,500 அடி. சுற்றிலும் பனி. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் காலையில் கணவாய். வந்த வேலை முடிந்துவிடும். ஆனால் மதியம் முகாமுக்குள் வந்ததிலிருந்து நண்பன் படுத்தே கிடந்தான். தலை வெடிக்கிறது என்றான். தேநீர் கொடுத்தேன், வாந்தி எடுத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1991இல் கனடாவில் லேக் லூயிஸ் என்ற ஊரில் மருத்துவர்கள் கூடி மலைநோய்க்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். 2018இல் அதைத் திருத்தினார்கள். அதில் தலைவலி, பசியின்மை அல்லது குமட்டல், களைப்பு, தலைசுற்றல் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் உண்டு. பசி மட்டும் குறைந்தால் அது உயரத்தின் இயல்பு. மணி பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே போகலாம். பசியும் போய், தலைவலியும் சேர்ந்துகொண்டால் அது மலைநோய். அதற்கு மேல் ஏறக்கூடாது. நடை தள்ளாடினால்? மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். உயிருக்கே ஆபத்து. உடனே இறங்க வேண்டும்.

எங்கள் வழிகாட்டி உள்ளூர்க்காரர். பட்டப்படிப்பெல்லாம் இல்லை. நண்பனைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கைத்தடியால் பனியில் நேராக ஒரு கோடு போட்டார். அதன்மேல் குதிகாலும் விரலும் தொடத் தொட நடந்து வா என்றார். சிவில்காரன்! சர்வே பிராக்டிகலில் நேர்கோடு போடுவதில் கெட்டிக்காரன். நான்கு அடி வைத்தான். ஐந்தாவது அடி கோட்டுக்கு வெளியே போயிற்று. ஆறாவதில் உட்கார்ந்துவிட்டான்.

"நீச்சே" என்றார் வழிகாட்டி. கீழே! இந்தி தெரியாத எங்களுக்கும் அது புரிந்தது.

மணி மூன்று. இருட்டுவதற்குள் மிங்தாச் போய்ச் சேர வேண்டும். உதவி வழிகாட்டி ஒருவர் கூட வருவார். அவனுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வராது. எங்களில் ஒருவரும் போக வேண்டும். மற்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கணவாய் அங்கிருந்து தெரிந்தது, நண்பர்களே. வெள்ளை வெளேரென்று, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது போல. ஒரு வருடப் பணம். இன்னும் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடலாம். இனி வாழ்க்கையில் இன்னொரு தடவை வர முடியுமா என்று தெரியாது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் என் பையைக் கட்டினேன். அவன் பையை உதவி வழிகாட்டி தூக்கிக்கொண்டார்.

இறங்கும்போது அவன் பேசவே இல்லை. ஒரு தடவை மட்டும், "என்னால உனக்கும் போச்சுடா" என்றான். "பேசாம நட மாப்ளே" என்றேன். வேறென்ன சொல்வது?

மிங்தாச்சில் ராத்திரி பத்து மணிக்குத் தலைவலி குறைந்தது. கால் மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பெயர் கேட்டேன். கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது! மறுநாள் பத்ரியைத் தாண்டி கிராஹன் வரைக்கும் இறங்கிவிட்டோம். ஒரு வீட்டில் சோறு வடிக்கிற வாசனை வந்தது. நின்றான். "டேய், சோறு இருக்குமான்னு கேளேன்... பசிக்குதுடா" என்றான். மூன்று நாளாக அவன் வாயிலிருந்து வராத வார்த்தை. அந்த வீட்டம்மா போட்டுக்கொண்டே இருந்தார். அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் எண்ணவில்லை.

மற்ற இருவரும் கணவாயைத் தாண்டிச் சான்றிதழோடு வந்தார்கள். எனக்கும் அவனுக்கும் சான்றிதழ் இல்லை. இப்போதும் அந்தப் போட்டோவைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

"நமக்கும் இமயமலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் மடம் கண்டார். அந்த மரபில் வந்த காசி மடம் இருக்கிற ஊர் நம் திருப்பனந்தாள். காசிக்குப் போகிற நம் பெரியவர்களில் பலர் அப்படியே கேதார்நாத்துக்கும் போகிறார்கள். கேதார்நாத் 11,700 அடிக்கு மேலே! சிலர் ஹெலிகாப்டரில் ஒரே நாளில் போய் இறங்குகிறார்கள். சிலர் சுவாமியைப் பார்க்கும் வரை விரதம் என்று வெறும் வயிற்றோடு, தண்ணீரும் குடிக்காமல் ஏறுகிறார்கள். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் ஏறி, அப்படி ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் என்று பெயர் வாங்கினார். டிப்ளமோ முடித்து ராணுவத்துக்குப் போகிறவர்களும் நம் வகுப்பில் உண்டு. அவர்களில் யாராவது லடாக்குக்குப் போகத்தான் போகிறார்கள்.

ஆகவே உங்கள் வீட்டிலிருந்து யார் மலைக்குப் போனாலும் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். மெதுவாக ஏறுங்கள், நடுவில் ஒருநாள் தங்குங்கள். ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட முடியாது; கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். சோறு, அவல், வெல்லம் முதலில்; எண்ணெய்ப் பலகாரம் கடைசியில். வாய்க்குப் பிடித்த ஊறுகாய் ஒன்று பையில் இருக்கட்டும். வெந்நீரோ சூப்போ நாளெல்லாம் குடியுங்கள். சிறுநீர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். மருந்து மாத்திரை டாக்டரைக் கேட்டு மட்டும். தலைவலியும் வந்து சாப்பாடும் இறங்காவிட்டால் ஏறாதீர்கள். தள்ளாடினால் இறங்குங்கள், குறைந்தது ஆயிரம் அடியாவது.

இந்த மே மாதம் நம் கல்லூரியிலிருந்து ஒன்பது பேர் போவதாக நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். என் நண்பனும் பெயர் கொடுத்திருக்கிறான். ஒன்பது பேர் ஜோடியாகப் பிரிந்தால் ஒருவர் மிச்சம் வருவார். பத்தாவது பெயரை நான் எழுதிவிட்டேன். அவன் தட்டைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா?